புக்கிட் தீமா ஸ்டேஷனில் பார்த்த பெரியவர்

போன ஞாயிறு காலை கிங் ஆல்பர்ட் பார்க்கில் இறங்கி இப்போது ரயில் ஓடாத பழைய ரயில் பாதையில் நடக்கக் கிளம்பினேன். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பாதைதான், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார், அப்புறம் தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஊருக்கு நடுவே இவ்வளவு நீளத்துக்கு மரமும் கொடியுமாக இருக்கிறதே என்று முன்பெல்லாம் யோசிப்பேன். 2011 வரை அது மலேசியாவின் மலாயா ரயில்வேக்குச் சொந்தமான நிலமாக இருந்ததுதான் காரணம்.

இரும்புப் பாலத்தைத் தாண்டினால் பழைய புக்கிட் தீமா ஸ்டேஷன். 1932-இல் கட்டிய சின்னச் செங்கல் கட்டடம், முன்னால் கொஞ்ச தூரம் தண்டவாளத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே எழுபது வயது தாண்டிய ஒருவர் குனிந்து, தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டையோடு பிடித்திருக்கும் ஆணியைத் தடவிக்கொண்டிருந்தார். தமிழ் முகம். "என்ன ஐயா, ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று கேட்டேன். "இல்லை தம்பி, எங்கப்பா தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்கில் இருந்தார், இதைத்தான் நாள் முழுக்க அடிப்பார்" என்றார்.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் நான் எங்கும் நகரவில்லை. ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிர் ரயில்கள் இந்த ஸ்டேஷனில்தான் ஒதுங்கும், அனுமதிக்கு அடையாளமான டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் தடத்தின் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. பெரிய கம்பி வளையத்தில் டோக்கனை மாட்டி ஸ்டேஷன் ஆள் கையை நீட்டி நிற்பாராம், ஓடுகிற ரயிலிலிருந்தே டிரைவர் அதை வாங்கிக்கொண்டு பழையதை விட்டெறிவாராம். அதைச் சொல்லும்போது பெரியவர் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை லேசாக மடக்கிக் காட்டினார். நேராக நீட்டினால் தோள் போய்விடும் என்றார்.

அவர் வளர்ந்தது குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில். தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே ஆட்கள் ஒரு முனியாண்டி கோயில் வைத்திருந்தார்கள், அவருடைய அப்பா அங்கே திருநீறு பூசாமல் வேலைக்குப் போனதே இல்லையாம். அதுதான் இடம் மாறி இன்றைக்குக் காமன்வெல்த் டிரைவில் பெரிய முனீஸ்வரன் ஆலயமாக இருக்கிறது. எத்தனையோ தடவை அங்கே கும்பிட்டிருக்கிறேன், அது தண்டவாளம் போட்டவர்களின் சாமி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாதை நெடுக வைத்திருக்கிற தகவல் பலகைகளில் பாலத்தைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் படித்தேன். இந்த ஆட்களைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம்.

வரும் ஞாயிறு குவீன்ஸ்வே பக்கம் கூட்டிப் போய்ப் பழைய கோயில் இருந்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அவரிடம் காட்டுகிறேன்.