பாஸ்தா காசரோல்: மேலே எண்ணெய், அடியில் தண்ணீர், நடுவில் களி. எங்கே தப்பு?

பனிநாட்டு அப்பா:
வணக்கம். மினியாப்பொலிஸ் பக்கம் இருக்கிறோம். மனைவிக்கு இந்த மாதம் மாலை ஷிஃப்ட், அதனால் திங்கள் முதல் வியாழன் வரை ராத்திரிச் சாப்பாடு என் தலையில். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் மாட்டுக் கொத்துக்கறி, பாஸ்தா, சீஸ் எல்லாம் சேர்த்து ஓவனில் வைத்த ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டு வாண்டுகள் இரண்டுக்கும் அதே வேண்டுமாம். பாட்டியிடம் கேட்டேன். ரொம்ப ஈஸி என்று சொல்லித் துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

இரண்டு தடவை செய்துவிட்டேன். இரண்டும் சொதப்பல்.

பென்னே பாஸ்தா ஒரு பாக்கெட் (454 கிராம்), நன்றாக வேகட்டும் என்று 12 நிமிடம் விட்டு, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசினேன். ஒன்றரை பவுண்டு கொத்துக்கறியை வெங்காயம், பூண்டோடு வதக்கி, ஒரு பாட்டில் தக்காளி சாஸ், ஒரு டின் காளான் கிரீம் சூப் ஊற்றி, எண்ணெய் பிரிந்து வரும்வரை கொதிக்கவிட்டேன். எல்லாவற்றையும் கலந்து 9-க்கு 13 அங்குலக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மேலே துருவிய செடார் ஒரு பாக்கெட். 425 டிகிரி ஃபாரன்ஹீட், 45 நிமிடம்.

வெளியே எடுத்தால் மேலே ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் மிதக்கிறது. சீஸ் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. கரண்டியை விட்டால் பாஸ்தா குழைந்து களி. தட்டைச் சாய்த்தால் மூலையில் ஒரு குழிக்கரண்டித் தண்ணீர் சேருகிறது. ஒரே தட்டில் காய்ந்தும் போகிறது, தண்ணீரும் விடுகிறது, எப்படி? "பாட்டிது வேற, இது வேற" என்று சின்னவன் தீர்ப்பே சொல்லிவிட்டான். வியாழக்கிழமை இன்னொரு முறை செய்யப்போகிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

தோசைக்கல்:
முதலில் சில கேள்விகள். கறி பாக்கெட்டில் போட்டிருந்த எண் (சதை/கொழுப்பு சதவீதம்) என்ன, 80/20-ஆ, 73/27-ஆ? வதக்கிய பிறகு கொழுப்பை வடித்தீர்களா? கலந்த உடனே ஓவனில் வைத்தீர்களா? மேலே ஃபாயில் மூடினீர்களா? சீட்டில் இல்லாத எதையாவது சேர்த்தீர்களா? கடைசிக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். எல்லோரும் அங்கேதான் எதையாவது விட்டுவிடுவார்கள்.

பனிநாட்டு அப்பா:
73/27, அதுதான் விலை குறைவு. வடிக்கவில்லை. எண்ணெய் பிரிந்தால்தானே குழம்பு ரெடி? மூடவும் இல்லை. மதியம் 12 மணிக்கே கலந்து தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். ஆறு மணிக்கு நீச்சல் வகுப்பிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்ததும் எடுத்து அப்படியே ஓவனுக்குள். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

ஆம்பூர்க்காரன்:
அண்ணே, எண்ணெய் பிரிவது நம்ம ஊர்க் குழம்புக்கு. அங்கே நாம் ஊற்றுவது இரண்டு மூன்று கரண்டி. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை பவுண்டு என்றால் 680 கிராம், அதில் 27 சதவீதம் கொழுப்பு என்றால் 180 கிராமுக்கு மேல். அவ்வளவும் தட்டுக்குள் போனால் மேலே மிதக்காமல் எங்கே போகும்? 85/15 வாங்குங்கள். வதங்கியதும் சட்டியைச் சாய்த்து, கொழுப்பைக் கரண்டியால் எடுத்துக் காலி டின்னில் ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் அளவு சட்டியில் இருக்கட்டும், வாசனையே அதில்தான். சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உங்கள் ஊர்க் குளிரில் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கறியை மொத்தமாகச் சட்டியில் கொட்டினாலும் சிக்கல்தான். சட்டி சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு, வதங்காமல் சாம்பல் நிறத்தில் வெந்துகொண்டிருக்கும். பாதிப் பாதியாகப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கிளறாமல் விட்டு, சுக்கா மாதிரி அடி சிவந்ததும் உடைத்து விடுங்கள்.

அப்புறம் பாஸ்தா. பிரியாணிக்கு அரிசியை எந்தப் பதத்தில் வடிப்போம்? முக்கால் பதம். மிச்சம் தம்மில் வேகும். இதற்கு ஓவன்தான் தம். முழுசாக வெந்த சோற்றைத் தம்மில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் தட்டிலும் ஆகியிருக்கிறது. பாக்கெட்டில் 11 நிமிடம் என்று இருந்தால் 8-இலேயே வடியுங்கள். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். அலசவே கூடாது, மேலே ஒட்டியிருக்கும் கஞ்சிதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். வடிக்கும்போது ஒரு கப் கஞ்சியை எடுத்தும் வையுங்கள்.

இதில் ஆறு மணி நேரம் சாஸிலேயே ஊறல் வேறு! காலையில் சாஸை மட்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஓவன் சூடேறும் நேரத்தில் பாஸ்தாவை வேகவைத்துக் கலந்தால் போதும்.

மிளகு ரசம்:
அடியில் தண்ணீர் நிற்கிறது என்றால் இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றுங்கள். இல்லையென்றால் இன்னும் 20 நிமிடம் ஓவனில் விடுங்கள், வற்றிவிடும்.

தோசைக்கல்:
கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேண்டாம். 45 நிமிடத்திலேயே மேல் பக்கம் அப்பளம் ஆகிவிட்டது, இன்னும் 20 நிமிடம் விட்டால் ஓடு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மாவைக் கரைத்து ஊற்றினால் களிக்கு மேல் கூழ். எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஆறு மணி நேரம் ஊறிய பாஸ்தா சாஸை முழுக்கக் குடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் குழிக்கரண்டி அளவு தண்ணீர் என்றால் கறியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வேறு எதுவும் சேர்க்கவில்லையா? நிச்சயமாக?

மேடிசன் அக்கா:
நான் பக்கத்து மாநிலம், விஸ்கான்சின். சீஸ் விஷயத்தில் எங்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பீர்கள்!

தம்பி, பாக்கெட்டில் துருவி விற்கும் சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸ் தூளோ தூவியிருப்பார்கள். அதனால் அது வழவழவென்று உருகாது. கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள், பெரிய கண் துருவலில் ஐந்து நிமிட வேலை. நன்றாக முற்றிய செடார் சூட்டில் பிரிந்து நெய் கக்கும், மேலே மிதந்த ஆரஞ்சு எண்ணெயில் அதற்கும் பங்கு உண்டு. பாதி இளம் செடார் அல்லது கோல்பி, பாதி ஈரம் குறைந்த மொசரெல்லா என்று கலந்து பாருங்கள். கோல்பி எங்கள் மாநிலத்துச் சீஸ், அதனால் கொஞ்சம் பாரபட்சமாகத்தான் சொல்கிறேன்.

425 ரொம்ப அதிகம். 375 போதும். சீஸில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கலந்து, ஃபாயில் மூடி 20 நிமிடம். ஃபாயிலை எடுத்து, மிச்சச் சீஸைத் தூவி இன்னும் 10 நிமிடம். ஓரத்தில் கொப்புளம் வந்தால் எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஏற்கெனவே வெந்தவை, ஓவன் சூடாக்கிச் சேர்த்துக் கொடுத்தால் போதும். எடுத்த உடனே கரண்டி போடாதீர்கள். பத்து நிமிடம் ஆறினால் சாஸ் தானாக இறுகும்.

பனிநாட்டு அப்பா:
தோசைக்கல், நீங்கள் துப்பறியும் வேலைக்குப் போகலாம். கீரை போட்டேன்!

அம்மா வீடியோ காலில், "பிள்ளைங்களுக்கு வெறும் மாவும் கறியுமா போடுவ?" என்றார். அதனால் உறைந்த பசலைக்கீரை ஒரு பாக்கெட் (283 கிராம்), பிரித்து அப்படியே சாஸில் போட்டேன். கீரைதானே, அதைச் சேர்த்ததாகவே நினைக்கவில்லை.

தோசைக்கல்:
வந்ததா வெளியே. அந்தப் பாக்கெட்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒன்றைக் கரையவிட்டு, துணியில் கட்டித் தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி ஒட்டப் பிழிந்து, வந்த தண்ணீரைக் கப்பில் அளந்து பாருங்கள். கீரையை விட வேண்டாம், பிழிந்து போடுங்கள்.

இன்னொரு விஷயம், இது ருசி பற்றியது இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டைச் சூடான ஓவனுக்குள் நேராக வைக்கவே வைக்காதீர்கள். திடீர்ச் சூட்டில் வெடித்துச் சிதறும். இரண்டு தடவை தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம்.

மேடிசன் அக்கா:
ஐயோ ஆமாம், அதைக் கவனிக்காமல் விட்டேன். அவசர நாளுக்கு உலோகத் தட்டே நல்லது.

டுலூத் மாமா:
பாட்டி "ஈஸி" என்று சொன்னதில் தப்பில்லை, அந்த ஊரில் அது கைப்பழக்கம். மினசோட்டாவில் இதற்கு ஹாட்டிஷ் என்று பெயர், காசரோல் என்றால் பாட்டி திருத்துவார். அச்சில் கிடைத்த முதல் ஹாட்டிஷ் குறிப்பு என்று சொல்லப்படுவது 1930-இல் மன்கேட்டோ ஊர் லூத்தரன் தேவாலயப் பெண்கள் போட்ட சமையல் தொகுப்பில் இருக்கிறது. அதிலும் கொத்துக்கறி, வெங்காயம், செலரி, டின் பட்டாணி, டின் தக்காளி சூப், மக்கரோனிதான். நீங்கள் ஊற்றிய காளான் கிரீம் சூப் கேம்பெல் கம்பெனி 1934-இல் கொண்டுவந்தது. எல்லா ஹாட்டிஷிலும் அதுதான் பசை என்பதால் "லூத்தரன் பைண்டர்" என்று இங்கே கிண்டல் செய்வார்கள்.

பிள்ளைகளுக்குப் பாட்டி ருசி வேண்டுமென்றால் கரம் மசாலாப் பக்கம் போகாதீர்கள். கறி வதங்கும்போது அரை ஸ்பூன் சோம்பு மட்டும் நசுக்கிப் போடுங்கள். இத்தாலியன் சாசேஜில் வரும் வாசனையே சோம்புதான், தக்காளி சாஸோடு சேரும்.

பனிநாட்டு அப்பா:
வியாழன் இரவு நிலவரம். கீரையைப் பிழிந்து அளந்தேன், முக்கால் கப்புக்குக் கொஞ்சம் மேல், பச்சைத் தண்ணீர். கறி 85/15, இரண்டு தடவையாக வதக்கினேன். வடித்த கொழுப்பு சூப் டின்னில் கால்வாசி நின்றது, பார்த்ததும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பாஸ்தா 340 கிராம் மட்டும், 8 நிமிடம். கலக்கும்போது கெட்டியாகத் தெரிந்ததால் அரை கப் கஞ்சி ஊற்றினேன். உலோகத் தட்டு, 375, மூடி இருபது, திறந்து பத்து.

தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை. பென்னே பென்னேயாகவே நிற்கிறது. கரண்டியில் எடுத்தால் சீஸ் நூல் தட்டிலிருந்து மேசை வரை வந்தது. பெரியவள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சின்னவன் கீரையைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தான், அது வேறு பஞ்சாயத்து.

ஒரே குறை, உப்பு தூக்கல். கால்வாசி மிச்சமும் இருக்கிறது, என்ன செய்ய?

ஆம்பூர்க்காரன்:
டின் சூப், பாட்டில் சாஸ், சீஸ் மூன்றிலுமே உப்பு இருக்கிறது. கறிக்குத் தனியாக உப்புப் போட்டிருப்பீர்கள். அடுத்த முறை பாஸ்தாத் தண்ணீரில் மட்டும் போடுங்கள் அண்ணே.

மேடிசன் அக்கா:
மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். சூடுபண்ணும்போது ஒரு ஸ்பூன் பால் தெளித்து, மூடி, நடுப்பகுதி 165 டிகிரி வரும்வரை வையுங்கள். பால் விட்டால் உப்பும் கொஞ்சம் அடங்கும்.

பனிநாட்டு அப்பா:
மனைவி பதினொன்றரைக்கு வந்து, சூடே பண்ணாமல் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிட்டாள். பால் கேள்வி அடுத்த வாரத்துக்கு.