ஃப்ரீசரில் ஐஸ் கட்டுது, கீழே கூலிங் இல்லை: கம்ப்ரசர் மாற்றணுமா, புது ஃப்ரிட்ஜா?

கேள்வி
வணக்கம். 260 லிட்டர் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 11 வருஷப் பழசு. மேலே ஐஸ் கட்டுது. கீழே பால் ஒரே நாளில் திரிஞ்சுடுது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுது. பார்த்த மெக்கானிக் கம்ப்ரசர் வீக், கேஸோடு சேர்த்து 7,500 ரூபாய் என்கிறார். செய்யலாமா, புதுசு வாங்கிடலாமா?

பதில் 1
அவசரப்பட்டுப் பணம் கொடுத்துடாதீங்க சார். நீங்க சொல்ற அறிகுறி பெரும்பாலும் டீஃப்ராஸ்ட் பழுதுதான். ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டுக்குள் இருக்கிற காயிலில் (குளிர வைக்கும் குழாய்ச் சுருள்) படியும் பனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்கணும். உருக்காவிட்டால் காயில் முழுக்கப் பனிப்பாறையாகி, கீழே காற்று போகிற வழி அடைபட்டுடும்.

பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்க. தண்ணீர் வரும், கீழே துணி போட்டுக்குங்க. திரும்பப் போட்டதும் சில நாள் நல்லா ஓடி, பிறகு பழையபடி ஆனால் டீஃப்ராஸ்ட்தான்.

அடுத்தது மல்டிமீட்டர். ஹீட்டர் 150 வாட் என்றால் சுமார் 350 ஓம் காட்டணும். தெர்மல் ஃபியூஸில் (சூடு மிஞ்சினால் அறுந்துபோவது) எப்போதும் கன்டினியூட்டி, அதாவது மின் இணைப்பு, வரணும். பைமெட்டலை (குளிரில் மூடி, சூட்டில் திறக்கும் ஸ்விட்ச்) மட்டும் உறைந்த நிலையில் பாருங்க. வெளிச்சூட்டில் அது திறந்துதான் இருக்கும். இது தெரியாமல் நல்ல பைமெட்டலைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. மூன்றும் சரி என்றால், ஹீட்டரை நேரத்துக்கு ஓட்டுகிற டைமர் அல்லது போர்டுதான் பழுது. இதில் எது போயிருந்தாலும் 7,500 ஆகாது.

பதில் 2
ஃப்ரீசர் கதவு ஸ்விட்சை அழுத்திப் பிடித்து ஃபேன் சத்தம் வருதான்னும் கேளுங்க. கம்ப்ரசர் ஓடும்போதும் ஃபேன் சுற்றவில்லை என்றால் கீழே கூலிங் வராது.

ஆனால் ஐஸ் கட்டுவதை மட்டும் வைத்து கேஸ் சரி என்று முடிவு கட்டக் கூடாது. பனி முழுக்க உருகினபின் சில மணி நேரம் ஓடவிட்டு காயிலைப் பாருங்க. முழுக்க ஒரே சீராகப் பனி பிடித்தால் கேஸ் இருக்கு. முதல் இரண்டு மூன்று வரிசையோடு நின்றால் கேஸ் குறைவு, அதாவது எங்கோ கசிவு.

அப்போது "கேஸ் மட்டும் ஏத்தித் தரேன்" என்பவரை ஒத்துக்காதீங்க. முதலில் நைட்ரஜன் அடித்துக் கசிவைக் கண்டுபிடிக்கணும். கம்ப்ரசர் பக்க ஜாயின்ட் என்றால் சரி செய்யலாம்: புது ஃபில்டர் டிரையர் (குழாயில் ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி), பம்ப் வைத்து அரை மணி நேரமாவது வேக்கூம் (உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுப்பது), பிறகு ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி தராசில் வைத்து கேஸ். கேஸ் ஆர்600ஏ வகை என்றால் தீப்பிடிக்கும் வாயு, அளவும் சில பத்து கிராம்தான். 10 கிராம் கூடினாலே கூலிங் கெடும். பக்கச் சுவர் ஃபோமுக்குள் ஓடும் குழாயில் கசிவு என்றால் செலவு பண்ணாதீங்க, மாற்றிடுங்க.

பதில் 3
என் கணக்கு: ஹீட்டர், ஃபேன், ரிலே (கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்வது) போன்ற எலக்ட்ரிக்கல் பழுது என்றால் 11 வருஷமானாலும் ரிப்பேர். கம்ப்ரசரோ உள்கசிவோ என்றால் இந்த வயசுக்கு வேண்டாம். அடித்தகடு துருப்பிடித்து, பக்கச் சுவர் வெளியே வியர்க்குது என்றால் இன்சுலேஷனும் போச்சு, புதுசுதான். தமிழ்நாட்டில் இரண்டு மாத மின் மீட்டர் ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி வருகிற வீடென்றால் நிற்காமல் ஓடுகிற ஃப்ரிட்ஜ் ஸ்லாபையே (மின்கட்டணப் படி) தாண்ட வைக்கும், அதையும் சேர்த்துப் பாருங்க.

கேட்டவர்
நன்றி. பனி கெட்டியா இருக்கு, ஸ்க்ரூடிரைவரால் தட்டி எடுக்கலாமா?

பதில் 1
கூடவே கூடாது சார். காயில் அலுமினியம், ஒரு குத்து போதும், கேஸ் முழுக்கப் போயிடும். டேபிள் ஃபேனை எதிரே வைங்க, தானா உருகும். வடிகால் துளையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அடைப்பையும் எடுத்துடுங்க.