புதுப்பிப்பு: உக்ரைன் மாணவியின் ‘இங்’ குழப்பம் தீர்ந்தது, பெரும்பாலும்

போன மாதம் கேட்டிருந்தேன்: ஆன்லைனில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் உக்ரைன் மாணவிக்கு ‘ரீடிங்’ மாதிரி ‘இங்’ (-ing) என்று முடியும் சொல் எங்கே ஜெரண்ட் (செயலின் பெயராக வருவது), எங்கே பார்ட்டிசிபிள் (இன்னொரு சொல்லை விவரிக்க வருவது) என்று பிடிபடவே இல்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வினைச்சொல் பட்டியல் மனப்பாடத்தை இரண்டே வாரத்தில் கைவிட்டோம். கைகொடுத்தது, அவள் மொழியில் பெயர்த்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான். ‘சித்தான்யா’, அதாவது வாசித்தல் என்று வந்தால் ஜெரண்ட். ‘சித்தாயுச்சி’, வாசித்தபடி என்று வந்தால் பார்ட்டிசிபிள். நம்ம தொழிற்பெயர், வினையெச்சம் மாதிரியேதான்!

எதிர்பாராதது ஒன்று: ‘தி மேன் ஸ்டாண்டிங் தேர்’ (அங்கே நிற்கிற ஆள்) அவளுக்கு வரவே வராது, ‘ஹூ இஸ் ஸ்டாண்டிங்’ என்றே எழுதுவாள். உக்ரைனிய மொழியில் ‘நிற்கிற’ போன்ற பெயரெச்சத்தைப் பெரும்பாலும் தவிர்ப்பார்களாம். தப்பில்லையே என்று விட்டுவிட்டேன். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்’ மட்டும் இன்னும் ‘மீட்டிங்’ ஆக மாட்டேன் என்கிறது.