சர்க்கரை, தோள்பட்டை, கல்லீரல்: உடம்புக்குள் இறுகிப்போனவை பற்றி உங்கள் அனுபவங்கள்

தோள்வலிக்காரன்:
சர்க்கரைக்காரர்களுக்குத் தோள்பட்டை இறுகுவதைப் பற்றி இங்கே யாரும் எழுதக் காணோம், நானே தொடங்குகிறேன். எனக்கு இடது தோள். முதலில் ராத்திரி வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியாது. சில மாதத்தில் வலி அடங்கியது, ஆனால் கை பாதிக்கு மேல் எழும்பவில்லை. சட்டை மாட்ட, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க, முதுகு தேய்க்க, எதற்கும் உதவாது. வீட்டில் "வயசாகுதில்ல" என்று முடித்துவிட்டார்கள்.

பிசியோதெரபிஸ்ட் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். வலது கை தாராளமாகப் போனது, இடது அசையவில்லை. அவரே பிடித்துத் திருப்பியும் அதே இடத்தில் நின்றது. "தசை பலவீனம்னா நான் திருப்பும்போது போயிடும் சார். இது மூட்டைச் சுத்தி இருக்கிற உறை தடிச்சுச் சுருங்கினது" என்றார். அப்புறம் கைகூப்பச் சொன்னார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, நடுவில் சந்து. பல வருடச் சர்க்கரையில் விரல் மூட்டும் தோலும் இப்படி இறுகுமாம். தினமும் சாமி கும்பிடுகிறவன், இதைக் கவனித்ததே இல்லை!

லேப்காரர்:
நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி பார்ப்பீர்கள் அல்லவா? ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள், அது அழியும்போது ஒட்டிய சர்க்கரையும் போய்விடும். தோலையும் மூட்டு உறையையும் கட்டி நிறுத்தும் புரத இழையான கொலாஜன் கதை வேறு. தோலில் அதன் அரை ஆயுள், அதாவது பாதி மாறப் பிடிக்கும் காலம், 15 ஆண்டு அளவில்; மூட்டுக் குருத்தெலும்பில் 100 ஆண்டையும் தாண்டும். அதில் ஒட்டிய சர்க்கரை அங்கேயே தங்கி, பக்கத்துப் பக்கத்து இழைகளைப் பிணைத்துவிடும். இழைகள் நழுவ இடமில்லாமல் திசு விறைக்கிறது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வயதோடு இது நடக்கும், மெதுவாக. தோள் விஷயத்தில் அழற்சிக்கும் பங்கு உண்டு, எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போட மாட்டேன்.

நடைப்பயிற்சி நண்பன்:
எனக்குக் கல்லீரல். கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஃபைப்ரோஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள், கல்லீரல் தழும்பேறி எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை. மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டால் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, இல்லாத விறைப்பைக் காட்டும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்ததும், விலா இடுக்கில் ஒரு கருவியை அழுத்தி 'டொக்' என்று தட்டினார்கள். குச்சியால் லேசாகக் குத்துகிற மாதிரிதான், வலி இல்லை. அந்தத் தட்டில் கிளம்பும் அதிர்வலை விறைத்த கல்லீரலில் வேகமாக ஓடுமாம். வேகத்தை வைத்து விறைப்பைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்கிறார்கள். பத்து அளவு எடுத்து, அதில் நடு மதிப்பைப் போடுகிறார்கள். நல்ல கல்லீரலுக்கு 5 பக்கம் இருக்கும், எனக்கு 9.8 வந்தது. எடையைக் குறைத்த பிறகு 6.4. தழும்பு முழுக்கக் கரைந்ததா, வீக்கம் மட்டும் வற்றியதா என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது என்றார் டாக்டர். இருந்தாலும் சந்தோஷம்தான்.

வார்டு அக்கா:
பிரசவ வார்டு நர்ஸ் நான். எங்களிடம் கதை தலைகீழ். கர்ப்பம் இல்லாதபோது கர்ப்பப்பை வாய் தொட்டால் மூக்கு நுனி போல இருக்கும், கர்ப்பத்தில் உதடு போல மிருதுவாகும் என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுப்பார்கள். விரலுக்கு அது நன்றாகவே தெரியும். அங்கேயும் அதே கொலாஜன்தான். மாதம் ஏற ஏறக் கட்டு தளர்ந்து, நீர் கூடுகிறது. பிரசவத் தேதி தாண்டியும் வாய் பழுக்காதவர்களுக்கு, அதாவது இப்படி மிருதுவாகாதவர்களுக்கு, ஜெல் வைப்பது இதற்குத்தான், பழுக்காமல் வலி மட்டும் வந்தால் லேசில் விரியாது. பிரசவமானதும் மறுபடி கெட்டிப்பட்டுவிடும். இறுகினதையே எல்லாரும் எழுதுகிறீர்களே, இதையும் யாராவது சொல்லட்டும் என்று வந்தேன்.