ஆளி வேண்டாம், சேர்ப்பி என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வேர்க் சுவிட்ச் என்ற பெட்டிக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று இங்கே நடக்கும் இழையை மூன்று நாளாக வாசித்து வருகிறேன். சுவிட்சுக்கு 'ஆளி' என்ற சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று இருவர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். கொழும்பு புறக்கோட்டையில் நடந்த ஒரு விஷயம் என்னை மாற்றிவிட்டது.

நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு நெட்வேர்க் போட்டுக் கொடுத்தேன். கீழே பில் போட மூன்று கணினி, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, இரண்டாம் மாடி ஸ்டோர்ஸில் ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரின்டர். கேட் 6 என்ற வகை நெட்வேர்க் கேபிளை 100 மீற்றர் வரைக்கும் இழுக்கலாம். அங்கே அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. வழிதான் கஷ்டம். படிக்கட்டு முழுக்க மிளகாய் மூட்டை, மூட்டை தூக்கும் நாட்டாமிமார் விடிந்ததிலிருந்து ஏறி இறங்குவார்கள். அதனால் கேபிளைக் குழாய்க்குள் விட்டுக் கூரையோரமாகக் கொண்டுபோனேன். எட்டுக் கேபிள் செருகக்கூடிய சுவிட்சைக் கணக்குப்பிள்ளையின் மேசைக்கு மேலே சுவரில் பொருத்தினேன்.

வேலை முடிந்ததும் தமிழில் ஒரு தாள் எழுதி ஒட்டினேன். 'ஸ்டோர்ஸ் கணினி தெரியாவிட்டால் ஆளியை ஒரு தடவை நிறுத்திப் போடவும்' என்று அதில் ஒரு வரி. இரண்டாம் வாரம் கடைத் தம்பி ஒருவர் அதன்படியே செய்தார். இங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்த யாருக்கும் ஆளி என்றால் மின்சுற்றைத் திறந்து மூடுவது. அவர் சுவரிலிருந்த பிளக் பொயின்ட்டின் ஆளியை நிறுத்தினார். பில்லெல்லாம் சேமிக்கும் கணினிக்கும் அதே பொயின்ட்டிலிருந்துதான் மின்சாரம் போனது. கோப்பு பழுதாகி, முதல்நாள் பிரதியிலிருந்து மீட்டு, அன்றைய பில்களைக் காபன் பிரதி பார்த்துத் திரும்ப ஏற்றி முடிக்க இரவு பத்து மணியாயிற்று. தம்பி மேல் ஒரு பிழையும் இல்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் வாசித்தார். தனிப் பொயின்ட் வைக்காதது என் பிழை, அதைத் திருத்திவிட்டேன். சொல்லின் பிழை அப்படியே இருக்கிறது.

சரி, 'சுவிட்ச்' என்றே எழுதினால் தீருமா? சுவரிலிருப்பதையும் நாங்கள் சுவிட்ச் என்றுதான் சொல்கிறோம், குழப்பம் அதேதான். 'நிலைமாற்றி' என்றாலும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்றுவது என்றுதான் காதில் விழுகிறது. இந்தப் பெட்டி எதையும் போடுவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. ஆங்கிலப் பெயரின் பின்னால் தொலைபேசி இணைப்பகத்தின் நினைவு இருக்கிறது, அந்த நினைவு எங்கள் மொழியில் 'ஆளி'க்கு இல்லை. அதனால் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

ஒரு கணினி அனுப்பும் தகவலின் முகப்பில், அது போய்ச்சேரவேண்டிய கருவியின் முகவரி இருக்கும். கருவி தயாராகும்போதே அதற்கு இடப்படும் 48 பிட் முகவரி அது. எந்த முகவரி எந்தத் துறையில், அதாவது கேபிள் செருகும் எந்த இடத்தில், இருக்கிறது என்பதைப் பெட்டி தானே பார்த்துப் பழகி ஓர் அட்டவணையில் குறித்து வைக்கும். பிறகு பிரின்டருக்கு வந்தது பிரின்டருக்கு மட்டும் போகும், ஸ்டோர்ஸுக்கு வந்தது ஸ்டோர்ஸுக்கு மட்டும். ஹப் என்ற பழைய வகைப் பெட்டி அப்படியில்லை, வந்ததை எல்லோருக்கும் கத்திவிடும்.

உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத் தமிழில் 'சேர்ப்பித்தல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. கடிதத்தைச் சேர்ப்பித்தார், பணத்தைச் சேர்ப்பித்தார் என்கிறோம். அதிலிருந்து 'சேர்ப்பி'. கணினிகளை ஒன்று சேர்க்கிறது என்ற பொருளும் கூடவே வருகிறது, அதுவும் உண்மைதான்.

உங்களுக்குத் தோன்றக்கூடிய ஆட்சேபங்கள் எனக்கும் தோன்றின. ஒன்று, முகவரி தெரியாதபோது இந்தப் பெட்டியும் எல்லாத் துறைக்கும் அனுப்பும். புதிதாகப் போட்டவுடன் அப்படித்தான். பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் முகவரியைப் பொதுவாக 300 விநாடியில் மறந்தும் விடும். ஆனால் புதுத் தபால்காரரும் முதல்நாள் நாலு வீட்டில் விசாரித்துத்தான் கடிதம் கொடுப்பார், அதனால் அவர் தபால்காரர் இல்லை என்றாகாது. இன்னொன்று, 'சேர்ப்பி' ஏவல் வினையாகவும் இருக்கிறதே என்பது. சேர்வருக்கு நாங்கள் எழுதும் 'வழங்கி' வினையெச்சமாகவும் இருக்கிறது, யாரும் தடுமாறவில்லை. வேற்றுமை உருபு சேர்ந்ததும் 'சேர்ப்பியில் செருகு', 'சேர்ப்பியை மாற்று' என்று தெளிவாகிவிடுகிறது.

சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு நெய்தல் தலைவனான சேர்ப்பன் நினைவுக்கு வருவான். சேர்ப்பு என்றால் கடற்கரை. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். கேபிள் செருகும் இடத்தைத் 'துறை' என்று எழுதி வருகிறோம் அல்லவா? 'எட்டுத்துறைச் சேர்ப்பி' என்று சொல்லிப் பாருங்கள். கொழும்பிலிருந்து எழுதுவதாலோ என்னவோ, எனக்கு அது அவ்வளவு பொருந்துகிறது.

ரவுட்டருக்கு 'வழிப்படுத்தி' இருக்கட்டும். அது கடைக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நிற்பது, சேர்ப்பி கடைக்குள்ளேயே வேலை பார்ப்பது. இணைய இணைப்போடு வரும் பெட்டியில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதன் பின்புறத்திலுள்ள நாலு துறையும் ஒரு சிறு சேர்ப்பி என்று எழுதலாம்.

வருகிற போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்கு இதே வேலை இருக்கிறது. கடை பூட்டியிருக்கும் நாள் என்பதால் ஆறுதலாகச் செய்யலாம். அங்கே ஒட்டும் தாளில் 'சேர்ப்பி' என்று எழுதி, பெட்டியின் மேலும் அதே சொல்லைப் பெரிதாக ஒட்டப்போகிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்கு முன் எழுதுங்கள்.