ஒரே முட்புதரில் இரண்டு பச்சை

தெற்கு இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஹீத் எனப்படும் புதர்க்காட்டு வெளியில், ஒரு மே மாதக் காலை. ஹெதர் என்ற குட்டைச் செடி பூக்க இன்னும் நாளிருந்தது. கோர்ஸ் முட்புதர்கள் மட்டும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. அந்தப் பூவில் சாட்சாத் தேங்காய் வாசம்! முகரக் குனிந்தபோது முள்ளுக்கு நடுவே ஒரு கேடயப் பூச்சி. ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மஞ்சள் கலந்த பச்சை உடம்பு, சிவப்பு உணர்கொம்பு. கோர்ஸ் கேடயப் பூச்சி என்று கொம்பை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு சாண் தள்ளி ஓர் இலை. கோர்ஸில் ஏது இப்படி இலை, எல்லாம் முள்தானே என்று தாமதமாகத்தான் உறைத்தது. கிரீன் ஹேர்ஸ்ட்ரீக்! நீலன்கள் குடும்பத்தில் பிறந்த பச்சை வண்ணத்துப்பூச்சி. உட்கார்ந்துவிட்டால் இறக்கையை விரிக்கவே விரிக்காது. வெயில் காய்வதுகூட, மூடிய இறக்கையோடு ஒருக்களித்துச் சாய்ந்துதான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது வயதுதான். கேடயப் பூச்சி போன கோடையின் கடைசியில் வளர்ந்தது, குளிர்காலம் முழுக்க ஒளிந்து கிடந்து வந்த கிழம். ஆனால் நிறம் பளிச்சென்று இருந்தது. வண்ணத்துப்பூச்சி கூட்டுப்புழுவாகக் குளிரைக் கழித்துவிட்டு இப்போதுதான் சிறகு முளைத்து வந்தது. அதற்குள் அங்கங்கே பழுப்பு! அதன் இறக்கையில் பச்சைச் சாயமே கிடையாது. செதில்களுக்குள் இருக்கும் மிக நுண்ணிய வலைப்பின்னல்தான் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. செதில் உதிர்ந்தால் பச்சையும் போச்சு.

கேடயப் பூச்சியைத் தொட்டுப் பார்த்தது என் தவறு. தேங்காய் வாசம் போய், விரலில் நாற்றம்தான் மிஞ்சியது.

* * *

உங்கள் மே மாதக் காலையைப் படித்தேன். நான் அந்தப் பக்கம் போனது ஆகஸ்ட் கடைசியில். ஹேர்ஸ்ட்ரீக் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, எல்லாம் கூட்டுப்புழுவாகிவிட்டிருக்கும். கேடயப் பூச்சிக்கு அந்தக் கூட்டுப்புழு வேலையே இல்லையே, ஐந்து முறை தோலுரித்தால் பெரிய பூச்சி. கோர்ஸ் காய்களின் மேல் இறக்கை முளைக்காத குஞ்சுகள் இருந்தன. பக்கத்திலேயே செம்பழுப்பு படர்ந்த ஒன்று. வேறு இனம் என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதே கோர்ஸ் பூச்சிதான், புதிதாக வளர்ந்ததற்கு அந்தச் சிவப்பு இருக்கும், வசந்தத்தில் போய்விடும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

* * *

ஆகஸ்டில் போனவரே, ஏமாந்தது நீங்கள் மட்டுமில்லை! ஹேர்ஸ்ட்ரீக்கின் கூட்டுப்புழு கிறீச்சென்று மெல்லிய ஒலி எழுப்புமாம், எறும்புகள் அதைச் சுற்றிக்கொள்ளுமாம். ஒருமுறை சருகில் காதை வைத்துப் படுத்துப் பார்த்தேன். காற்றுதான் கேட்டது. சட்டையெல்லாம் முள்.