மரம் காயும்போது வெப்பக் கடத்துதிறன்: ஒரே துளையில் மூன்று மதிப்பு வருகிறது, உதவுங்கள்

ஈரக்கட்டை:
அவசரம், வெள்ளிக்கிழமை ரிவ்யூ. கட்டையை ஓவனில் காயவைத்து, இடையிடையே வெளியே எடுத்து ஊசி புரோப் (உள்ளே சூடேற்றும் கம்பியும் வெப்பநிலை உணரியும் உள்ள ஊசி) சொருகி அளக்கிறேன். ஈரம் குறையக் குறைய மதிப்பு மெல்ல இறங்க வேண்டும் அல்லவா? எடுத்த கையோடு அளந்தால் 0.38 (எல்லாம் W/m·K அலகில்). அதே துளையில் உடனே மறுபடி 0.21, அப்புறம் 0.17. புரோப் போய்விட்டதா?

உளிச்சத்தம்:
என்ன மரம்? ஈரம் எப்படிப் பார்க்கிறீர்கள்? ஊசி நாரோடு போகிறதா, குறுக்கேயா? நாரோடு சொருகினால் அளப்பது குறுக்கே போகும் சூட்டைத்தான். நெடுக்கே என்றால் சுமார் இரண்டு மடங்கு வரும்.

மின்வாசு:
எர்த் பாருங்கள். தெர்மோகப்பிள் (ஊசிக்குள் இருக்கும் வெப்பநிலை உணரி) ஆடினால் முக்கால்வாசி எர்த் கோளாறுதான்.

பழைய வாத்தியார்:
தம்பி, இதற்கென்றே கார்டட் ஹாட் பிளேட் என்று, சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே கட்டையை வைத்து அளக்கும் கருவி ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேள்வி போடும் வழக்கமே இல்லையா?

சூடுமானி:
ஐயா, காய்ந்த மரத்துக்கு அது சரி. ஈர மரம் அந்தத் தட்டில் நிலைக்கு வர மணிக்கணக்காகும். அதற்குள் ஈரம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடும். அப்புறம் எந்த ஈரத்துக்கான மதிப்பு என்று எழுதுவது? ஊசி முறையே மேல்.

ஈரக்கட்டை, புரோப் நன்றாகத்தான் இருக்கும். அது பார்ப்பது நேரத்தின் மடக்கைக்கு எதிராக வெப்பநிலை ஏறும் சரிவை. சரிவு குறைந்தால் மதிப்பு கூடும். ஓவனிலிருந்து எடுத்த கட்டை ஆறிக்கொண்டே இருப்பதால் ஏற்றம் மட்டுப்படுகிறது, அதுதான் 0.38. திரும்பத் திரும்பச் சூடாக்கியதில் ஊசியைச் சுற்றி மரம் உலர்ந்துவிட்டது, அதுதான் 0.17. பாலித்தீனில் சுற்றி ஓர் இரவு விட்டு, வேறு துளையில், குறைந்த சூட்டில் அளந்து பாருங்கள்.

ஈரக்கட்டை:
ரப்பர் மரம், மில்லில் வாங்கியது. ஈரம் பின் மீட்டரில் (இரண்டு முள்ளைக் குத்தி, மின்தடையை வைத்து ஈரம் காட்டுவது).

நாகர்கோவில் மில்:
ரப்பர் என்றால் போராக்ஸ் மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள். உப்பு ஏறிய கட்டையில் பின் மீட்டர் கூட்டித்தான் காட்டும். 30 சதவீதத்துக்கு மேல் எப்படியும் அதை நம்ப முடியாது. எடை போடுங்கள், கடைசியில் 103 டிகிரியில் முழுக்க உலர்த்தி, குறைந்த எடையை அந்த உலர்ந்த எடையால் வகுங்கள்.

பழைய வாத்தியார்:
மருந்து எதற்கு? அந்தக் காலத்தில் குளத்தில் ஊறப்போட்டார்கள், நூறு வருடம் நின்றது.

நாகர்கோவில் மில்:
அது தேக்கும் வேம்பும் ஐயா. ரப்பரை அறுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் சில நாளிலேயே நீலம் பாரிக்கும், பூச்சி விழும்.

பழைய வாத்தியார்:
தேக்குக்கே இப்போது மருந்து அடித்து விற்கிறீர்களே!

உளிச்சத்தம்:
குளத்துக்குத் தனி இழை போடுங்கள் சார்.

மின்வாசு:
எர்த் யாரும் பார்க்கவில்லை போல.

ஈரக்கட்டை:
சுற்றி வைத்து, புதுத் துளையில் அளந்தேன். மூன்று முறையும் 0.24ஐ ஒட்டியே நிற்கிறது. மருந்து ஏற்றிய கட்டைதானாம். நன்றி, ரிவ்யூவுக்கு ஓடுகிறேன்.

சூடுமானி:
ஈரம் எவ்வளவு, எடை போட்டீர்களா? 12 சதவீதம் வரை காய்ந்தால் குறுக்கே 0.15 பக்கம் வர வேண்டும்.